வீட்டில் ஒட்டும் இரும்பு பம்பர்: யாரைக் காக்கிறது?

மாடும் யானையும் குறுக்கிடும் வன்னி வீதிகளில் ஜீப்புக்கும் கெப்புக்கும் இரும்பு பம்பர் போடுவது அழகுக்காக மட்டுமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண்ணில், குழாயை வளைத்துக் காய்ச்சி ஒட்டுவது பெரிய வித்தையுமல்ல. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது எழுந்த கோபம் விளங்கக்கூடியதே.

ஆனால் கம்பனி பம்பரும் அதன் பின்னுள்ள பாகங்களும் நசுங்குவதற்கென்றே செய்யப்படுபவை. அவை நசுங்கினால்தான் மோதலின் வேகம் உள்ளிருப்பவரை எட்டுமுன் தணியும். தடித்த இரும்பைச் சேஸியில் நேரே இறுக்கினால் அதிர்ச்சி அப்படியே உள்ளே போகும். எயார்பேக் விரியும் நேரமும் பிசகலாம். எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைக்கோ எந்தக் காப்பும் இல்லை. வாகனம் தப்பும், ஆள் தப்பாது. இந்தியா 2017 டிசம்பரில் இவற்றைத் தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கங்காரு பாயும் அவுஸ்திரேலியா தடுக்கவில்லை. வடிவத்துக்கும் எயார்பேக்குக்கும் நிபந்தனை வைத்து அனுமதித்தது. இங்கும் வீதியில் மறித்துக் கழற்றுவதை விட, ஒட்டுநரின் வேலையை மாவட்டத்திலேயே பரிசோதித்துச் சான்று வழங்கலாம். அதைக் கேட்க வேண்டியவர்கள் பட்டடைக்காரர்கள் மட்டுமல்ல, அந்த வீதியால் நடந்து போகிறவர்களும்தான்.