ஓராண்டுத் தொண்டும் ஊரின் கணக்கும்

தொண்டு எனுஞ் சொல்லுக்கு வன்னியிலே இன்று இரு பொருள்கள் வழங்குகின்றன. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஓராண்டு விடுப்பெடுத்து நெடுங்கேணிப் பகுதிக் கிராமமொன்றிலே ஆங்கிலம் கற்பித்துத் திரும்புவது ஒன்று. அதே பாடசாலையில் அவ்வூர்ப் பெண்ணொருத்தி ஊதியமின்றியோ பெயரளவான கொடுப்பனவுடனோ ஆண்டுக்கணக்கிற் கற்பித்து, நிரந்தர நியமனங்கோரி வீதியில் அமர்ந்திருப்பது மற்றொன்று. முன்னையவர் தம் ஓராண்டைப் பற்றி எழுதுகிறார். அதனைப் பலரும் வாசித்துப் பாராட்டுகின்றனர். பின்னையவரைத் 'தொண்டராசிரியர்' என அரசாங்கக் கோப்புகள் குறிக்கின்றன. அவருடைய அநுபவத்தை எழுதுமாறு எவரும் கேட்டதில்லை.

திரும்பிச் சென்றோர் எழுதும் கட்டுரைகளை ஊன்றி வாசிப்போர்க்கு ஓருண்மை புலனாகும். அவற்றின் வாக்கியங்களுக்கு எழுவாய் எப்பொழுதும் எழுதுபவரே. அவர் பொறுமை கற்றார், எளிமை கற்றார், கிணற்று நீரின் அருமை உணர்ந்தார். பிள்ளைகளோ புன்னகைப்பதற்காக மட்டுமே அக்கட்டுரைகளில் தோன்றுகின்றனர். அப்பிள்ளைகள் ஆண்டிறுதியில் எதனை வாசிக்கக் கற்றிருந்தனர் என்ற செய்தி அங்கு அரிதாகவே கிட்டும். ஊரொன்று பிறர் தம்மைத் தீட்டிக்கொள்ளும் சாணைக்கல் ஆகிவிடுகிறது.

இது புதிய நோயன்று. 1958இல் பிரித்தானியாவிலும் 1961இல் அமெரிக்காவிலும் இளைஞரைக் கடல்கடந்து தொண்டுக்கனுப்பும் அமைப்புகள் தோன்றின. அமெரிக்க அமைப்பான பீஸ் கோர் 1962இலேயே இலங்கைக்கு வந்தது. (அதன் பெயரை 'அமைதிப் படை' என்று பெயர்க்க 1987க்குப் பின் வன்னியில் எவருக்கும் நாக்கூசும்.) 1968இல் ஐவன் இலிச் எனும் குரு, மெக்சிக்கோக் கிராமங்களுக்குத் தொண்டாற்ற வந்த மாணவரை நோக்கி, உதவுவோராக வரவேண்டாம், பார்க்கவும் கற்கவும் வாருங்கள் என்று முகத்துக்கு நேரே கூறினார். அவர் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் அவர் எழுப்பிய ஐயம் நெடுங்கேணிக்கும் பொருந்தும்.

ஓராண்டென்பது வன்னியில் ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் மாத்திரமே. குளம் வற்றிய ஆண்டை மட்டுங் கண்டவர் அது வான்பாயும் ஆண்டை அறியார். 2009க்குப் பின் மீளக்குடியேறிய குடும்பம் காணி உறுதிக்காக எத்தனை முறை பிரதேச செயலகப் படியேறுகிறது என்பதும் பன்னிரண்டு மாதத்தில் விளங்கும் விடயமன்று. விளங்கத் தொடங்கும் வேளையில் விமானச்சீட்டின் நாள் வந்துவிடும். அடுத்து வருபவர் மீண்டும் ஆங்கில அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்.

'ஒன்றுமில்லாததினும் ஏதேனும் நடப்பது நன்றல்லவா?' என்பர். ஒன்றுமில்லாத இடத்துக்கு அவர் வரவில்லை; தொண்டராசிரியர் நிற்கும் இடத்துக்கே வருகிறார். வெற்றிடத்தை விருந்தினர் நிரப்புமளவும் அதனை நிரப்பும் பொறுப்பிலிருந்து கல்வித் திணைக்களம் தப்பிக்கொள்கிறது. வந்தவரின் நல்லெண்ணத்திற் பழுதில்லை. அந்நல்லெண்ணத்தை அடைப்பாகப் பயன்படுத்துவோரிடமே பழுதுண்டு.

வெளிநாட்டிலிருந்து வந்து தொண்டாற்றுதல் வேறு வகையிலும் நிகழ்ந்ததுண்டு. கென்யாவிற் பணியாற்றிய கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரத்துடன் இணைந்து 1970களின் பிற்பகுதியில் வவுனியாவிலே காந்தீயத்தை வளர்த்தார். 1977 வன்செயலில் அகதிகளான மலையகத் தமிழர் நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள டொலர், கென்ற் பண்ணைகளிற் குடியமர்த்தப்பட்டனர். 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27இல் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். 1984இல் அக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடியேற்றப்பட்டனர். நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலிற் பெண்களும் குழந்தைகளும்கூட மாண்டனர். டேவிட் நெடுங்காலம் சென்னையில் அகதியாய் வாழ்ந்து, 2015இற் கிளிநொச்சியில் மறைந்தார். அப்பண்ணைகள் நிலைக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய கணக்கு, எத்தனை குடும்பம் காணியில் நின்றது என்ற கணக்காகவே இருந்தது.

கடல்கடந்து வருவோரை மட்டுஞ் சாடுதல் நேர்மையாகாது. புளியங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பும் பாதையில் நியமனங் கிடைத்தவுடன் இடமாற்ற விண்ணப்பம் எழுதும் பட்டதாரி, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களில் மண்பற்றுப் பேசியவராகவும் இருத்தல் கூடும். அவருக்கு அது 'கஷ்டப் பிரதேசம்'. ஓராண்டுக்கு வருபவருக்கு அது 'அநுபவம்'. இருவருக்குமே அது வாழுமிடமன்று.

ஆகவே கோரப்படுவன சிலவே. வருபவர் தனியே கற்பியாது தொண்டராசிரியர் ஒருவருடன் சேர்ந்து கற்பிக்கட்டும். அவரை அனுப்பும் நிறுவனம் அவருக்காகும் செலவுக்கு நிகரான தொகையை அவ்வாசிரியருக்கும் மாதந்தோறும் வழங்கட்டும். எந்த வகுப்பு எந்தப் பாடம்வரை கற்றது என்ற பதிவைத் தமிழிலெழுதிப் பாடசாலையில் விட்டுச் செல்லட்டும். அந்த ஓராண்டைப் பற்றிய கட்டுரையை முதலில் எழுதும் உரிமை அத்தொண்டராசிரியருக்குக் கிடைக்கட்டும்.