கோடிட்ட இடங்கள்

'பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அடிப்படையே இல்லை. இலக்கணம், ஸ்பெல்லிங், நிறுத்தக்குறி மூன்றையும் முதலில் நன்றாகப் பழக்குங்கள், மற்றது தானே வரும்.' கோவைப் பக்கம் ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ஓயாமல் கேட்கிற வாதம் இது. எழுத்தாள நண்பர்களும் இதையே சொல்லத் தொடங்கியிருப்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. இவர்கள் அடிப்படை என்று சொல்வது அடிப்படையே அல்ல என்பது என் கட்சி. பத்து வருஷம் இந்தப் பயிற்சியைச் செய்த பையன் பதினோராவது வருஷம் தன் ஊரைப் பற்றிச் சொந்தமாக நாலு வாக்கியம் எழுதமுடியாமல் நிற்கிறான். பயிற்சி போதவில்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணுகிறார்கள். பயிற்சியே அவனை இந்த ஸ்திதிக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அதன் அடிக்குறிப்புகளில் பிழைக்கு உதாரணமாக வருகிறவர்கள் ஷேக்ஸ்பியர், மில்டன், போப். மொழியைச் செய்தவர்கள் கூண்டில் நிற்க, விதி தீர்ப்புச் சொல்கிறது. 1795-ல் லிண்ட்லி மர்ரே யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக ஓர் இலக்கணம் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அவர் வெளியிட்ட பயிற்சி நூலில் பக்கம் பக்கமாகத் தப்பு வாக்கியங்கள். மாணவன் அவற்றைத் திருத்தவேண்டும். யாரும் யாருக்கும் எதற்காகவும் சொல்லாத வாக்கியங்கள் அவை. 1835-ல் மெக்காலேயின் குறிப்பு இங்கே வழியைத் திறந்துவிட்டது. அப்புறம் நெஸ்ஃபீல்டு, அவருக்குப் பின் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென் இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் பேர் வாங்கியவர். நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ரென்னின் பயிற்சிகளைச் செய்துவருகிறார்கள். அவருடைய நாவலை வகுப்பில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நம் ஆங்கிலப் படிப்பின் லட்சணத்துக்கு இந்த ஒரு விஷயமே போதும்.

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கு, நேர்கூற்றை அயற்கூற்று ஆக்கு, நிறுத்தக்குறி இடு, கலைந்த சொற்களை அடுக்கு, பிழையைக் கண்டு திருத்து. லிண்ட்லி மர்ரே இன்னும் சாகவில்லை.

இதில் அயற்கூற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பையன், "'நாளைக்கு வர்றனுங்க'ன்னு சொன்னானுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பான். தமிழின் 'என்று' பிறன் வாயிலிருந்து வந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே ஏந்திக்கொண்டு வருகிறது. சொன்னவனுடைய 'நான்' நானாகவே இருக்கும், 'நாளை' நாளையாகவே இருக்கும். ஆங்கில அயற்கூற்று அப்படி விடாது. எல்லாவற்றையும் அறிவிக்கிறவன் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. நான் அவனாகிறது, நாளை மறுநாளாகிறது, காலமே பின்னால் நகர்கிறது. பிறர் பேச்சை எப்படிக் கையாளுவது என்பதில் இரண்டு மொழிகளும் எடுத்திருக்கும் வெவ்வேறு நிலைகள் இவை. பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு இதை அரை மணி நேரத்தில் சொல்லலாம். சந்தோஷமாகக் கேட்கும். நாம் சொல்வதில்லை. கரும்பலகையில் இரண்டு பத்தி அட்டவணை போட்டு, இது வந்தால் அது என்று ஒப்பிக்க வைக்கிறோம்.

'எ', 'தி' சமாசாரமும் இதுதான். தமிழனுக்கு இந்த ஆர்ட்டிகிள் வரவே வராது என்று ஒரு மூடநம்பிக்கை. கண்ணபுரம் சந்தைக்குப் போய்வந்த விவசாயி 'மாடு வாங்கினேன்' என்பதற்கும் 'மாட்டை வாங்கினேன்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமலா பேசுகிறார்? முன்னது ஏதோ ஒரு மாடு. பின்னது கேட்கிறவருக்கும் தெரிந்த அந்த மாடு. ஆங்கிலம் இரண்டு சிறு சொற்களை வைத்துச் செய்கிற காரியத்தில் ஒரு பகுதியைத் தமிழ் 'ஐ' உருபை வைத்தே செய்துகொள்கிறது. குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவின்மேல் கட்டுவதுதான் அடிப்படை. அது இருப்பதே தெரியாமல் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். இன்னும் மோசம், அந்தக் குழந்தையின் பேச்சையே பிழை என்று தள்ளிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குகிறோம். கொங்குப் பேச்சு இலக்கியம் தாங்கும் என்று ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதிக் காட்டி எண்பது வருஷம் தாண்டிவிட்டது. பெருமாள்முருகன் இந்த வட்டாரச் சொற்களுக்கு 2000-த்தில் அகராதியே போட்டுவிட்டார். செய்தி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்துசேரவில்லை.

ஸ்பெல்லிங்குக்கு நம்மிடம் இருக்கும் ஒரே முறை இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது தடவை எழுது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவில் ஒலிக்காத ஒரு 'பி' ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, கேட்கவிட்டதில்லை. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தை ஞாபகப்படுத்தப் பண்டிதர்கள் பிற்பாடு செருகியது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' சொல்லின் 'கே' ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல உறைந்துபோயிற்று, நாக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. ஷேக்ஸ்பியருடைய கையெழுத்துகளில் எஞ்சியிருப்பவை ஆறு. அவற்றில் தம் பெயரையே அவர் ஒரே மாதிரி எழுதவில்லை. இதெல்லாம் தெரிந்த பிள்ளை ஸ்பெல்லிங்கில் பிழை விடாது என்று நான் சொல்லவில்லை. பிழை தன் மூளையின் குறை அல்ல, ஒரு மொழியின் சரித்திரம் தன்மேல் வந்து மோதுகிறது என்றாவது அதற்குத் தெரிந்திருக்கும்.

நிறுத்தக்குறி விஷயத்தில் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். எங்கே நிறுத்துவது என்பது படிக்கிறவன் வேலை, உரைகாரன் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் ஆங்கிலத்திலிருந்து நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்து தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டார். பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். அர்த்தம் எங்கே பிரிகிறது என்று காட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது, குறியை எடுத்துக்கொண்டார். நம் பள்ளியில் தேவை இல்லாமல் குறி மட்டும் இருக்கிறது. யாரோ எழுதிய வாக்கியத்தின் குறிகளைப் பிடுங்கிவிட்டு, திரும்ப நடச் சொல்கிறோம். சொல்வதற்குத் தன்னிடம் ஒன்று இருக்கிறவனுக்குத்தான் மூச்சு எங்கே விடுவது என்ற பிரச்னை வரும். அந்தப் பிரச்னை வராதவனுக்குக் காற்புள்ளி ஒரு மார்க், அவ்வளவுதான்.

பவணந்தி கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் பெருமை பேசிக்கொள்கிறோம். பெருந்துறைக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். அவருடைய நன்னூல் எழுத்தில் தொடங்கவில்லை, பாயிரத்தில் தொடங்குகிறது. நூல் எது, சொல்லிக்கொடுப்பவன் யார், எப்படிச் சொல்லிக்கொடுப்பது, கேட்பவன் யார், எப்படிக் கேட்பது என்று ஐந்தையும் பேசிவிட்டுத்தான் எழுத்துக்குப் போகிறது. மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னமும் பசுவும் முதலில், மண்ணும் கிளியும் நடுவில், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைசியில். சொன்னதையே சொல்லும் கிளி அவருக்கு இரண்டாந்தரம். நம்மிடம் கிளிதான் முதல் மார்க். நன்னூலையும்தானே மனப்பாடம் செய்தார்கள் என்று மடக்குவார்கள். செய்தார்கள். ஆனால் அதைக் கேட்டவனுக்குத் தமிழ் முன்பே தெரியும். தன் வாயில் இருந்த மொழியைப் பற்றிய அறிவாக இலக்கணம் அவனிடம் வந்தது. இங்கே மொழி இன்னும் வரவில்லை, இலக்கணம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இனி எதிர்த்தரப்பு. ஏழைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டாமா என்பார்கள். வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், சரக்கு ஏன் தாமதம் என்று அயல்நாட்டுப் பையருக்கு விளக்கி எழுதவேண்டும். சோறு அதில் இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கே அவனிடம் கோடிட்ட இடத்தை யாரும் நீட்டப்போவதில்லை. ஒரு விஷயத்தை ஒரு மனிதனுக்குப் புரியவைக்கவேண்டும். அதைத்தான் பள்ளியில் ஒரு நாளும் செய்ததில்லை. பீளமேட்டுப் பட்டறையில் லேத்தையும் ஷாஃப்டையும் பேரிங்கையும் தமிழ் உருபு சேர்த்துச் சளைக்காமல் பேசும் தொழிலாளிக்கு இங்கிலீஷ் சொல்லிடம் பயம் கிடையாது. பயத்தைப் பள்ளிக்கூடம்தான் கொடுக்கிறது.

இந்தப் பயிற்சியால் யாருக்கு நஷ்டம் இல்லை என்றும் பார்க்கவேண்டும். வீட்டில் புத்தகமும் இங்கிலீஷ் பேச்சும் இருக்கிற பிள்ளைக்கு இந்தப் பயிற்சி ஒரு மெருகு. அதற்கு மொழி வேறு வழியில் வந்துவிடுகிறது. பாவடித் தெருவிலிருந்தும் காட்டுச் சாளையிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு இந்தப் பயிற்சி மட்டுமே இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்கிறோம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார் உயர்நிலைப்பள்ளிகளில் தமிழைப் பயிற்சிமொழி ஆக்கினார். 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். பிள்ளை தன் மொழியில் யோசிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட காரியங்கள் இவை. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழி வகுப்புகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பாடமொழி மாறிற்று, பயிற்சி மாறவில்லை. தமிழில் வாயடைத்துப்போன பிள்ளை இப்போது இரண்டு மொழியிலும் வாயடைத்து நிற்கிறது. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று தனியாக எழுதவேண்டியதில்லை.

கடைசியாக நம்மவர்கள். கோவையின் நவீன இலக்கியம் பெரும்பாலும் ஆசிரியர் அறையிலிருந்து வந்தது. 1971-ல் 'வானம்பாடி'யைச் சுற்றிக் கூடியவர்களில் எத்தனை பேர் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றும் நம் வட்டத்தில் பாதிப்பேர் ஆசிரியர்கள். யாப்பை உடைத்தோம், கவிதையில் நிறுத்தக்குறியைக்கூடத் துறந்தோம், சொல்லின் சுதந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டோம். காலையில் வகுப்புக்குப் போய் அதே கையால் 'பிழையைக் கண்டு திருத்துக' என்று பலகையில் எழுதிப்போடுகிறோம். இந்த இரண்டு மனிதர்களும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. சம்பளம் வேறு, சிருஷ்டி வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நம் பத்திரிகைக்கு ஏன் முந்நூறு வாசகர்கள் என்று அப்புறம் வருத்தப்படுகிறோம். தன் வாக்கியம் ஒன்றைக்கூட எழுதிப் பார்க்காத ஒருவன் பிறர் வாக்கியத்தை எதற்காகக் காசு கொடுத்து வாங்கவேண்டும்?

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. வாரத்தில் ஒரு பீரியட், பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தனக்கு வந்த இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதட்டும். சொல் கிடைக்காத இடத்தில் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். சிவப்பு மை வேண்டாம். ஆசிரியர் படித்துவிட்டு, எங்கே புரியவில்லை என்று மட்டும் கேட்கட்டும். புரியாத இடத்தைப் பிள்ளை திருப்பி எழுதும்போது இலக்கணம் தேவைப்படும், காற்புள்ளி தேவைப்படும், அப்போது சொல்லிக்கொடுக்கலாம். அட்டவணைக்கும் அன்று ஓர் இடம் உண்டு. தேர்வு விடாது, அதிகாரி விடமாட்டார், நேரம் இல்லை என்ற மூன்று பதில்களும் எனக்குத் தெரியும். நாற்பது பீரியடில் ஒன்றைக்கூடத் தரமுடியாதவர்கள் புதுமையைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம்.

மறுப்பவர்கள் எழுதட்டும். எழுதும்போது, இந்தப் பயிற்சிகளை மட்டும் செய்து வளர்ந்த மாணவன் சொந்தமாக எழுதிய ஒரு பக்கத்தையும் கூடவே அனுப்பிவைக்கட்டும்.