டெலிபோன் கம்பியும் வீட்டுக்காரன் பொறுப்பும்

வாக்களித்த வேகம் வந்து சேரவில்லை என்று இன்டர்நெட் கம்பெனிகளின் மீது குறை கூறாத தேசம் இன்று இல்லை. குறை கூறுவது பிரஜையின் உரிமை. அவ்வுரிமையை நாம் ஒருகாலும் மறுக்கமாட்டோம். ஆயினும், பிரதிவாதி யாரென்று நிச்சயிக்கும் முன்னரே தீர்ப்பை எழுதிவிடுவது நியாயமன்று. பழைய டெலிபோன் செம்புக் கம்பியின் வழியே பிராட்பேண்ட் பெறும் வீடுகளில், எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு மைல் தூரம் தக்க பலத்துடன் ஓடிவந்த சமிக்ஞை, வாசற்படியைத் தாண்டியபின் கடைசிப் பத்து கஜத்தில் கெட்டுப்போவதுண்டு. அவ்விதம் கெடுவதற்குக் காரணம் கம்பெனியா, வீட்டுக்காரனா, அல்லது இருவருக்கும் நடுவே எல்லைக்கோட்டை இழுத்துவிட்டு அதை விளக்கிச் சொல்லாமல் போன சட்டமா என்பதே கேள்வி. இக்கேள்விக்குப் பிரிட்டனின் அனுபவத்தைப்போல் தெளிவான உதாரணம் வேறில்லையாதலால் அதையே முதலில் நேயர்கள் முன் வைக்கிறோம்.

டெலிபோன் பேச்சுக்கு வேண்டியவை இரண்டே கம்பிகள். அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுவதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் சமமாகத் தாக்குகிறது. சமமாகத் தாக்கியதைக் கருவியானது ஒன்றுக்கொன்று கழித்துத் தள்ளிவிடுகிறது. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தாற்போல் முள் அசையாமல் நிற்கிறது. ஆனால் 1981ஆம் வருஷத்தில் பிரிட்டனில் பிளக்கும் சாக்கெட்டுமான புதிய முறை வந்தபோது, வீட்டுக்குள் மூன்றாவது கம்பி ஒன்றும் உடன் வந்தது. அது மணியடிக்கும் கம்பி. மணிக்குரிய கண்டென்சரை ஒவ்வொரு கருவியிலும் வைப்பதற்குப் பதிலாகப் பிரதான சாக்கெட்டில் ஒன்றை வைத்து, அங்கிருந்து மற்ற அறைகளின் சாக்கெட்டுகளுக்கெல்லாம் இம்மூன்றாவது கம்பியைக் கொண்டுசென்றார்கள். ஓர் அறையில் நம்பரைச் சுழற்றும்போது மற்ற அறைகளில் மணி கிணுகிணுக்காமலிருக்கவும் இவ்வேற்பாடு உதவிற்று. அக்காலத்துக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடே. அதைச் செய்த என்ஜினீயர்கள்மீது நாம் குறை சொல்லவில்லை.

குறை வந்தது பின்னால். மனிதப் பேச்சு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையில் அடங்கிவிடும். அதே கம்பியின்மீது ஏறிவரும் பிராட்பேண்டோ, ஏடிஎஸ்எல் 2+ என்ற முறையில், 22 லக்ஷம் ஹெர்ட்ஸ் வரையில் போகிறது. இந்த உயர்ந்த அலைகளுக்கு மணிக் கம்பி ஓர் ஏரியலாகிவிடுகிறது. கண்டென்சரின் வழியே இரட்டைக் கம்பியில் ஒன்றோடு மட்டும் அது பிணைந்திருப்பதால், தராசின் ஒரு தட்டில் கல்லை வைத்த கதையாகிறது. சமநிலை போய், ரேடியோவும் மின்சாரச் சாதனங்களும் எழுப்பும் இரைச்சல் நேரே மோடத்தின் காதில் விழுகிறது.

இதனால் எவ்வளவு நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். கணக்கு கடினமானதன்று. இம்முறையில் சமிக்ஞை நூற்றுக்கணக்கான சிறு அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வினாடிக்கு நாலாயிரம் தடவை சில பிட்டுகளைச் சுமந்து செல்கிறது. இரைச்சல் 3 டெசிபல் ஏறினால் ஒவ்வோர் அலைவரிசையும் ஏறக்குறைய ஒரு பிட்டை இழக்கும். 400 அலைவரிசைகள் வேலை செய்யும் கம்பியில் இது வினாடிக்கு 16 லக்ஷம் பிட், அதாவது ஒன்றரை மெகாபிட்டுக்கு மேல். இரண்டு அல்லது மூன்று மெகாபிட்டே கிடைக்கும் தூரத்துக் கிராமத்தானுக்குக் கம்பி நீளத்தால் அலைவரிசைகளும் குறைவு. அவனுக்குள்ள சொற்பத்தில் இந்த விகிதம் போவது சிறு விஷயமா? நகரத்தில் நாற்பது மெகாபிட் பெறுகிறவன் இதைக் கவனிக்கவும் மாட்டான்.

இரவில் வேகம் குறைகிறதென்ற புகாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சூரியன் மறைந்தபின் மத்திய அலை ரேடியோ நிலையங்களின் ஒலிபரப்பு வெகுதூரம் எட்டும். அவ்வலைகளும் பிராட்பேண்டின் அலைகளும் ஒரே இடத்தில் மோதுகின்றன. வீட்டுச் சாதனங்களின் விஷமமும் சாமானியமன்று. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசான் என்ற கிராமத்தில் பதினெட்டு மாதங்களாக நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் இன்டர்நெட் தடைப்பட்டு வந்தது. கேபிளை மாற்றியும் பயனில்லை. கடைசியில் என்ஜினீயர்கள் அலைகளை அளக்கும் கருவியுடன் விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்து பார்த்தபோது, ஒரு வீட்டில் தினமும் ஏழு மணிக்குப் போடப்பட்ட பழைய டெலிவிஷன் பெட்டியே காரணமென்று தெரிந்தது. 2020ஆம் வருஷத்தில் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. நகைக்கத்தக்க செய்திதான், ஆனால் ஒரு வீட்டின் இரைச்சல் ஓர் ஊரையே நிறுத்துமானால், அதே வீட்டில் இரண்டடி தள்ளி ஓடும் கம்பியை அது என்ன பாடுபடுத்தாது!

மணிக் கம்பியைத் தவிர வேறு குறைகளும் உண்டு. எங்கும் போய்ச் சேராமல் சுவரில் தொங்கும் கிளைக் கம்பி, சமிக்ஞையைத் திருப்பியடித்துச் சில அலைவரிசைகளை அடியோடு விழுங்கிவிடும். கிளை இருபது, இருபத்தைந்து கஜம் இருந்தாலே ஏடிஎஸ்எல் 2+ முறையின் மேற்பகுதி பாதிக்கப்படும். ஃபில்டரில்லாமல் மாட்டிய ஒரு டெலிபோனோ, திருடர் எச்சரிக்கைப் பெட்டியோ அத்தனையையும் கெடுக்கும். பரிகாரமும் எளிது. மோடத்தைப் பிரதான சாக்கெட்டுக்கு அருகிலேயே வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளை வேண்டிய அறைக்குக் கொண்டுபோகலாம். நூறு மீட்டர் வரையில் அக்கேபிளால் நஷ்டமில்லை. மணிக் கம்பியைச் சாக்கெட்டின் மூன்றாம் முனையிலிருந்து கழற்றிவிடலாம். பிற்காலத்துக் கருவிகளில் அனேகம் அது இல்லாமலே மணியடிக்கும்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் டெலிகாம் 1981ல் தபால் இலாகாவினின்றும் பிரிக்கப்பட்டு, 1984ல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அக்காலத்து மாறுதல்களின் பயனாகப் பிரதான சாக்கெட்டு வரையில் கம்பெனியின் சொத்து, அதற்கப்பால் வீட்டுக்காரன் சொத்து என்ற எல்லை ஏற்பட்டது. எல்லை ஏற்பட்டது நல்லதே. பின்னர் வந்த சாக்கெட்டுகளில் அந்த எல்லையைக் கண்ணால் காணவும் முடிகிறது. முகப்பின் கீழ்ப்பாதியைக் கழற்றினால் உள்ளே சோதனைச் சாக்கெட்டு ஒன்று இருக்கும். கழற்றிய அக்ஷணமே வீட்டுக் கம்பிகள் யாவும் அறுந்துவிடும். மோடத்தை அதில் மாட்டி வேகத்தை அளந்தால், குறை யாருடைய பக்கம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வக்கீல் தொழிலில் வெகுகாலம் பழகிய நமக்கு, இத்தனை மலிவாகவும் சீக்கிரமாகவும் சாக்ஷியம் கிடைக்கும் வியாஜ்யம் வேறொன்று தெரியாது.

ஆனால் இவ்வெல்லையை ஜனங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருவனைச் சொத்துக்கு அதிபதியாக்கிவிட்டு, அச்சொத்து இன்னதென்று சொல்லாமலிருப்பது தர்மமாகாது. கம்பெனிகள் வெகுகாலம் “இத்தனை மெகாபிட் வரை” என்றே விளம்பரம் செய்துவந்தன. “வரை” என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வஞ்சனை ஒளிந்துகொள்ள முடியும் என்பதை வியாபார ஒப்பந்தங்களைப் படித்தவர் அறிவர். 2018 மே மாதத்திலிருந்துதான், கூட்டமான மாலை நேரத்தில் வாடிக்கைக்காரரில் பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே விளம்பரத்தில் கூறவேண்டுமென்ற விதி அங்கு அமலுக்கு வந்தது. 2019 மார்ச் முதல், உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் கிட்டாவிடில் முப்பது நாளில் சரிசெய்யவேண்டும், இல்லையேல் வாடிக்கைக்காரர் அபராதமின்றி விலகலாம் என்ற ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. ஆயினும் குறை வீட்டுக் கம்பியில் இருக்குமானால் இவ்வுரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றறியாதவனுக்கு உரிமைச் சாசனம் வெறுங் காகிதம். பழைய டெலிபோன் முறையை 2027 ஜனவரியில் நிறுத்திவிடுவதென்று அங்கே அறிவித்திருக்கிறார்கள். அடிப்பதற்கு மணி இராது; மணிக் கம்பிமட்டும் பல வீட்டுச் சுவர்களில் ஏரியலாக நின்றுகொண்டிருக்கும்.

நம் நாட்டு வீடுகளில் மூன்றாவது கம்பியின் தொல்லை இல்லை. இங்கு இரண்டு கம்பியிலேயே மணியும் வரும், பேச்சும் வரும். ஆனால் மற்றக் குறைகள் இங்கும் உள்ளவையே. 2004ஆம் வருஷத்துக் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட்டை பிராட்பேண்டின் கீழெல்லையாக இந்திய சர்க்கார் விதித்தது. 2005 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் செம்புக் கம்பியில் அச்சேவையைத் தொடங்கிற்று. லைன்மேன் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனபின், மாடிக்கொன்று கூடத்துக்கொன்று என்று வீட்டார் இழுத்துக்கொண்ட பாரலல் கனெக்ஷன்கள் எத்தனை! கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் கடற்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கின்றன. இங்கேயோ எல்லையைக் காட்டும் சோதனைச் சாக்கெட்டு வீடுகளில் காணக்கிடைப்பதில்லை. ஆகவே வீட்டுக்காரன் இலாகாவைக் குறை சொல்கிறான், இலாகா “உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை” என்கிறது, இருவர் பேச்சையும் சோதிக்க வழியில்லை.

2023 ஜனவரியில் அந்தக் கீழெல்லை 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. எண்ணை உயர்த்துவது எளிது. செம்புக் கம்பியில் இன்னும் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும், உட்கம்பிகளைப் பிரித்து நிறுத்தக்கூடிய ஒரு சிறு பெட்டியை இலாகா தன் செலவிலேயே வைக்கவேண்டுமென்று நாம் கேட்கிறோம். அதுவரையில் வீட்டுக்காரன் செய்யத்தக்கது ஒன்றுண்டு: கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் ரோஸெட் பெட்டியில் மற்ற இணைப்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் மாட்டி, மூன்று நாள் காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து, தேதியும் மணியும் போட்டுக் குறித்து, அக்குறிப்பைப் புகாருடன் சேர்த்து அனுப்பலாம்.