விளையாட்டுப் பொழுதைக் களவாடுவோர்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, கரிசல் நிலத்தில், அருச்சுனா ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைந்த ஊர் ஆனைக்குட்டம். அதனைச் சூழ்ந்த வட்டாரமெங்கும் வெடித் தொழிலகங்களும் தீப்பெட்டித் தொழிலகங்களும் நிறைந்துள்ளன. இவ்வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் ஒரு பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கும்? ஊர் மந்தையிற் சடுகுடு ஆடிக்கொண்டிருக்கும் என்று விடையிறுப்பார் எவரேனும் இருப்பின், அவர் இந்நிலத்தை அறியாதவரே ஆவர். அன்றும் அப்பிள்ளை ஆடவில்லை, இன்றும் ஆடவில்லை. அன்று அதன் பொழுதைக் களவாடியது தொழிலகம். இன்று களவாடுவது தேர்வு.

அன்றைய நிலையை மறந்தார்க்கு நினைவூட்டல் வேண்டும். 1970களிலும் 1980களிலும் கோழி கூவுமுன்னே ஊர் ஊராய் வந்து நின்ற தொழிலக வண்டிகளில், உறக்கம் கலையாத சிறுவர் சிறுமியர் ஏற்றிச் செல்லப்பட்டனர். தீக்குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர், வெடிக்குழல் சுற்றினர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1996 திசம்பர் 10ஆம் நாள் உச்ச முறைமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 உருபா செலுத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். அது பெரும்பேறே, மறுப்பார் இல்லை. ஆயின், தொழிலகத்தில் நாள் முழுதும் குந்தியிருந்த பிள்ளை பள்ளியில் பத்து மணி நேரம் குந்தியிருப்பதற்குத்தானா அத்துணைப் போராட்டமும்?

2023ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம். பெருமைதான். அப்பெருமையின் விலை என்னவென்று கேட்பார்தாம் இல்லை. காலையிற் சிறப்பு வகுப்பு; மாலையிற் சிறப்பு வகுப்பு; இடையே உடற்கல்விக்கென ஒதுக்கிய வகுப்பையும் கணக்காசிரியர் ஒருநாள், அறிவியலாசிரியர் ஒருநாள் எனப் பங்கிட்டுக்கொள்வர். இஃது ஒரு மாவட்டத்து நோயன்று. 2023ஆம் ஆண்டுக் குழந்தைகள் நாள் விழாவில், விளையாட்டுத்துறை அமைச்சரே மேடையேறி, 'உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்' என்று ஆசிரியரை வேண்டிக்கொள்ளும் அளவிற்கு நாடு முழுதும் பரவிய நோய். கடன் என்றது அமைச்சரின் பெருந்தன்மை. திருப்பித் தாராத கடனுக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

உலக நலவாழ்வு நிறுவனத்தார் 146 நாடுகளின் பள்ளி மாணவரை ஆய்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 அகவை வரையுள்ளோருள் நூற்றுக்கு 81 பேர் நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலுழைப்பும் ஓட்டமும் இன்றியே வளர்கின்றனர். ஆண்மக்களுள் 78, பெண்மக்களுள் 85. எலும்பு முற்றி உரம் பெறுவதும் நெஞ்சாங்குலை வலுப்பெறுவதும் இவ்வகவையில்தான். இதனை இழந்தவர் பின்னர் நீரிழிவுக்கும் குருதிக் கொதிப்புக்கும் மருந்துக்கடை வாயிலில் காத்துக் கிடப்பர்.

'நாட்டுப்புறப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? வீட்டுவேலையே போதிய உழைப்பன்றோ?' என்பர் சிலர். இது நகரத்தார் கூற்று. தாயும் தந்தையும் வெடித் தொழிலகத்திற்குச் சென்றுவிட்ட வீட்டில் பெண்பிள்ளை செய்வது யாது? அடுப்படியிற் குந்துதல், தம்பி தங்கையரைப் பார்த்தல், ஏனம் கழுவுதல். முதுகு கூனும், மூச்சு விரியாது. ஓடுதலும் தாவுதலும் தோழியரோடு கூவுதலும் அங்கில்லை. பூப்பெய்திய மறுநாளே திடல் அவளுக்கு மூடப்படுகின்றது. இதனை மூடியவர் வடவரும் அல்லர், வெள்ளையரும் அல்லர்; தமிழரே. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, ஊறு விளைக்கும் தொழில் நீங்கலான குடும்பத் தொழிலில், பள்ளி முடிந்த பின்னும் விடுமுறையிலும் குழந்தை துணைபுரியலாம் என்று இசைவளித்துள்ளது. பள்ளி முடிந்த பின்னுள்ள பொழுது எது? விளையாட்டுப் பொழுதன்றோ!

ஆசிரியரையேனும் அரசு அமர்த்தியதா? 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கின்றது. 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றிற்காக 16,549 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தியது. கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை, திங்களுக்கு 5,000 உருபா. பின்னர் ஊதியம் சிறிது உயர்ந்தது. பணிநிலைப்பு வேண்டித் தெருவில் நிற்பது அவர்களுக்கு ஆண்டுதோறும் வழக்கமாயிற்று. பிள்ளையை ஓடச் சொல்ல வேண்டியவர் வயிற்றுப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றார்.

இனி மொழிக்கு வருவோர் வரலாம். வாராமலும் இருக்க இயலாது. திடலில் ஒலிக்கும் சொல் எம்மொழிச் சொல்? 'அட்டென்சன்', 'ஸ்டேண்ட் அட் ஈசு' என்று ஆங்கிலம். தேசிய மாணவர் படையில் 'சாவ்தான்', 'விசுராம்' என்று இந்தி. 1968 சனவரி 23ஆம் நாள், பேரறிஞர் அண்ணா முதல்வராயிருந்த காலை, சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறுவிய அதே முடிவில், மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களும் நீங்க வேண்டுமென்று வலியுறுத்தியது. 'நேர் நில்', 'தளர் நில்' என்றால் தமிழ்ப்பிள்ளையின் கால் நேராகாதா? 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நிகழ்ந்த விளையாட்டு விழாவிற்கு வீரமங்கை வேலுநாச்சியாரை அடையாள உருவாக்கினர். சிலம்பத்தையும் ஆடிக்காட்ட விட்டனர். விழாவின் பெயரோ 'கேலோ இந்தியா'! வேலுநாச்சியார் வாளேந்தி நின்று, தம் தாய்மொழியல்லாத மொழியில் 'விளையாடு' என்று அழைக்க வேண்டியதாயிற்று.

சடுகுடுவிற்கு நேர்ந்ததும் இதுவே. மூச்சு விடாமற் பாடிச் செல்வதற்கு ஊருக்கொரு பாட்டு வைத்திருந்தான் தமிழன். 1990இல் பீகிங்கு ஆசிய விளையாட்டில் இடம்பெற்ற பின் அவ்வாட்டம் உலகறிந்தது. ஆயின், பாட்டெல்லாம் போய் ஒற்றைச் சொல் எஞ்சிற்று.

மொழிஞாயிறு பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலை வெளியிட்டார். ஆண்பிள்ளையர் ஆட்டு, பெண்பிள்ளையர் ஆட்டு, பகலாட்டு, இரவாட்டு எனப் பகுத்து, கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் பாண்டியும் அழியாதவாறு எழுதிவைத்தார். அவர் இளமையில் ஆசிரியப்பணி ஆற்றிய முறம்பு இந்த விருதுநகர் மாவட்டத்தில்தான் உள்ளது. அம்மாவட்டத்துப் பள்ளிகளுள் எத்தனையில் அந்நூல் உள்ளதென்று ஊர்தோறும் உள்ள தனித்தமிழன்பர் சென்று வினவட்டும். இல்லாத பள்ளிக்கு ஒருபடி வாங்கிக் கொடுக்கட்டும். கிளித்தட்டுக்குக் கருவி வேண்டா, காசு வேண்டா. கரிசல் மண்ணிற் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். பெண்பிள்ளைகள் ஆடும் மாலையில் தாய்மார் இருவர் திடலோரம் வந்தமர்ந்தால் ஊரார் வாயும் அடங்கும். மாலைச் சிறப்பு வகுப்பை ஐந்து மணிக்கு முடிக்குமாறும் திடலின் திறவுகோலைத் தருமாறும் தலைமையாசிரியரிடம் கேட்பதற்கு எந்தச் சட்டமன்றத்தின் இசைவும் வேண்டியதில்லை. கேட்கச் செல்பவர் பெற்றோர் பத்துப் பேரையும் உடனழைத்துச் செல்வாராக. தனியே சென்றால், 'தேர்வு முடியட்டும்' என்பார்.