மறுக்கும் பிள்ளையும் மன்றாடும் தாயும்

தைப்பூசத்துக்கு வெள்ளி இரதம் பார்க்கப் போக வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, அன்று காலையில் ‘கிளம்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். சட்டை போடச் சொன்னால், தான் பூனை என்றும் பூனைக்குச் சட்டை கிடையாது என்றும் வாதாடுகிறான். வற்புறுத்தினால் கையில் அகப்பட்டதை வீசுகிறான். பிறகு, இரதம் போய்விட்டதே என்று தேம்பித் தேம்பி அழுகிறான். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இதைக் காணும் உற்றார் உறவினர் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்.

அத்தீர்ப்பு தவறானது, கொடியதும்கூட. அப்பிள்ளையை ஆட்டுவிப்பது பிடிவாதமன்று, அச்சம். கட்டளையைக் கண்டு அஞ்சுவதாகிய, ஆட்டிசத்தின் இத்தோற்றத்தை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக உளவியலறிஞர் எலிசபெத் நியூசன் 1980-களில் இனங்கண்டு ‘பி.டி.ஏ.’ (Pathological Demand Avoidance – பணிப்புகளை மிகையாகத் தவிர்க்கும் நிலை) என்று பெயரிட்டார். 2003-இல் மருத்துவ இதழொன்றில் விரிவாக எழுதினார். பல் துலக்கு, புத்தகத்தை எடு, வணக்கம் சொல் என்னும் எளிய பணிப்புகளும் இப்பிள்ளைகளுக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகின்றன. தாமே விரும்பிய செயலாயினும், அது கட்டாயமாகிவிட்டால் அவர்களால் இயலாது போகிறது. ஆனால் இவர்கள் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். முகம் பார்த்துச் சிரிப்பார்கள். கற்பனை விளையாட்டில் தேர்ந்தவர்கள். ஆட்டிசம் என்றால் பேசாமல் மூலையில் அமர்ந்திருக்கும் சிறுவன் என்றே பழகிய கண்களுக்கு இவர்கள் புலப்படுவதில்லை. நியூசன் ஆராய்ந்த பிள்ளைகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக இருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அடங்காப்பிடாரி என்று ஊர் பட்டம் சூட்டிய சிறுமியர் எத்தனை பேர் உண்மையில் உதவி தேடித் தவித்தவர்களோ!

மலேசியாவில் நம் அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தையின் தாயிடம் கேட்கப்படும் வினாக்களில், கண்ணோடு கண் நோக்குகிறதா, பாவனை விளையாட்டு விளையாடுகிறதா என்பனவும் உண்டு. இத்தகைய குழந்தை அவற்றில் எளிதாகத் தேறிவிடக்கூடும். பின்னர் சிக்கல் வெளிப்படும்போது, ‘முன்னர் நன்றாகத்தானே இருந்தது?’ என்னும் கேள்வி தாயை நோக்கியே திரும்புகிறது.

பிற ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும் படத்தோடு கூடிய கால அட்டவணை, நட்சத்திரப் பரிசு, மாறாத அன்றாட ஒழுங்கு ஆகியவை இவர்களிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. பல வேளைகளில் நிலைமையை மோசமாக்குகின்றன. ‘காலணியைப் போடு’ என்பதற்கு மாறாக, ‘இந்தக் காலணியில் எது வலம், எது இடம் என்று தெரியவில்லையே’ என்று அருகில் அமர்ந்து முணுமுணுக்கும் ஆசிரியரிடம் அதே பிள்ளை காலை நீட்டக்கூடும். பணிப்பைக் குறைத்தல், தேர்வைப் பிள்ளையிடம் விடுதல், அவகாசம் தருதல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை. பிள்ளையை அறிந்திருந்தால் போதும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டிலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் பி.டி.ஏ. தனியாக இடம்பெறவில்லை. இது தனி வகையா, பதற்றத்தின் மற்றொரு முகமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். அவ்வாதம் நேர்மையானது, நடக்கட்டும். ஆனால் அது முடியும்வரை ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் காத்திராது.

ஆட்டிசம் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் பெற்றோர் பங்கு பெரிது. தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று வல்லுநர் சிலர் சாதித்த காலத்தில், அக்கொள்கையை 1964-இல் தம் நூலால் தகர்த்த பெர்னார்டு ரிம்லாண்டு ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1962-இல் பிரிட்டனின் ஆட்டிசச் சங்கத்தைத் தோற்றுவித்த பெற்றோருள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளின் தாய். ஆட்டிசத்தை விரிந்த நிறமாலையாகக் காணும் இன்றைய பார்வை பெரிதும் அவர் தந்தது. பி.டி.ஏ.வுக்காக பிரிட்டனில் இன்று குரல் கொடுப்போரிலும் பெற்றோரே முன்னணியில் நிற்கின்றனர். மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கமும் 1980-களில் பெற்றோரும் வல்லுநரும் கைகோத்து உருவாக்கியதே. தமிழ்நாட்டில், ஆட்டிசப் பிள்ளையின் தந்தையான எழுத்தாளர் யெஸ். பாலபாரதி ‘துலக்கம்’ என்னும் நாவலால் ஆட்டிசம் பற்றிய புரிதலைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தார்.

மலேசியாவில் 2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், 2019-இல் நடைமுறைக்கு வந்த எப்பிள்ளையையும் புறந்தள்ளாக் கல்விக் கொள்கையும் நம்மிடம் உள்ளன. ஆயினும் 2013-இன் சிறப்புக் கல்வி விதிகள், மாணவரின் தகுதியைக் காண மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலத்தை வகுத்தன. கட்டளையைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு ‘மூன்று மாதத்தில் அடங்கிக் காட்டு’ என்பதே ஆகப் பெரிய கட்டளை. இவ்விதியைக் கல்வி அமைச்சு திருத்த வேண்டும். அதுவரை, சோதனைக் காலத்தை ஆசிரியர் பிள்ளையைக் கற்கும் காலமாக ஆக்கிக்கொள்வதற்குத் தடையேதுமில்லை. பினாங்கு மாநில அரசு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இத்தகைய பிள்ளைகளைப் பற்றிய பயிற்சி அளிக்கவும், எளிய தமிழில் ஒரு கையேடு வெளியிடவும் முன்வர வேண்டும். அக்கையேட்டை எழுதும் குழுவில் இப்பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு முதலிடம் தர வேண்டும்.