மீனுக்கு உண்டு, துப்பாக்கிக்கு இல்லை!

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே டெக்சாஸ் என்றொரு மாநிலம். அங்கே ஆற்றங்கரையிலே அமர்ந்து தூண்டில் போட்டு நாலு மீன் பிடிக்க வேண்டுமா? லைசென்சு வேண்டும். முடிதிருத்தும் தொழில் செய்து பிழைக்க வேண்டுமா? 1000 மணி நேரம் பயிற்சி பெற்று, தேர்விலே தேறி, லைசென்சு வாங்க வேண்டும். கார் ஓட்டவா? சொல்லவே வேண்டாம்! ஆனால், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை இடுப்பிலே செருகி, சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, கடைத்தெருவிலே உலா வர வேண்டுமா? அதற்கு எந்தச் சீட்டும் வேண்டாமாம்!

2021 செப்டம்பர் முதல் நாளிலிருந்து இதுதான் அங்கே சட்டம். அந்த ஆண்டு ஜூன் மாதம் கவர்னர் ஆபட், 1836ஆம் ஆண்டுப் போரின் நினைவைச் சுமந்து நிற்கும் அலமோவிலே விழா நடத்தி, விடுதலை கிடைத்துவிட்டதைப் போல் களித்தார்.

துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் தடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்கிறார்கள். நல்லது. இடுப்பிலே செருகிக்கொண்டு வருபவர் தடுக்கப்பட்டவரா இல்லையா என்று முன்கூட்டிப் பார்ப்பவர் யார்? கடையிலே விற்கும்போது விசாரிக்கிறார்களே என்பர். உண்மைதான். ஆனால், தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது டெக்சாஸிலே அந்த விசாரணை கட்டாயமில்லையே!

டெக்சாஸ் தனி மரமல்ல. வெர்மாண்ட் மாநிலத்திலே இந்த அனுமதிமுறை வேரூன்றவே இல்லை. ரட்லண்டு நகரம் போட்ட விதியொன்றையும் 1903இல் அந்த மாநிலத்து உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. நூறாண்டு கழித்து, 2003இல், அலாஸ்கா பின்தொடர்ந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2024இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபோது எண்ணிக்கை 29 ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1813இல், ஆயுதத்தை மறைத்து வைத்துத் திரிவது குற்றமென்று முதன்முதல் சட்டம் செய்த மாநிலங்கள் கென்டக்கியும் இதே லூசியானாவும்தான்! மறைத்து வைப்பவன் மனத்திலே வஞ்சம் இருக்குமென்று அந்நாளில் பாட்டன் கருதினான். அதே செயலைப் பேரன் இன்று உரிமை என்கிறான்.

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே செல்ல நாம் விரும்பவில்லை. "அனுமதி, அனுமதி என்கிறீர்களே, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1956இல் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரிலே, வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள்! புளோரிடா 1893இல் செய்த லைசென்சு சட்டம் கறுப்பினத் தொழிலாளரின் ஆயுதத்தைப் பறிக்கவே வந்தது, வெள்ளையருக்காக அல்ல என்று அம்மாநில உச்சநீதிமன்றத்து நீதிபதி ஒருவரே 1941இல் எழுதி வைத்தார். அனுமதிச் சீட்டிலே நிறவெறியின் கறை படிந்திருந்தது. மறுப்பார் இல்லை.

ஆனால், அந்தக் கறை எங்கே இருந்தது? அதிகாரியின் விருப்பு வெறுப்பிலே இருந்தது. 'நீ தக்கவன், நீ தகாதவன்' என்று மேசைக்குப் பின்னால் அமர்ந்து தன் மனம்போல் தீர்ப்புச் சொன்னானே, அங்கே இருந்தது. டெக்சாஸிலே 1995ஆம் ஆண்டுச் சட்டமே, தகுதியுள்ள அனைவருக்கும் அனுமதி வழங்கியே தீர வேண்டும் என்று விதித்துவிட்டது. நியூயார்க் போன்ற மாநிலங்களிலே எஞ்சியிருந்த அதிகாரியின் மனப்போக்கையும் 2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒழித்தது. அப்படியானால், 2021இல் டெக்சாஸ் தூக்கி எறிந்தது எதனை? நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பை, குறி பார்த்துச் சுடும் தேர்வை, முன்கூட்டிய விசாரணையை! கறையைக் கழுவி முடித்தபின் துணியையே கொளுத்தியிருக்கிறார்கள். கொளுத்தும்போது கிங்கின் பெயரையும் சொல்லிக்கொள்கிறார்கள்.

மேசையிலே ஒழிந்த விருப்பு வெறுப்பு எங்கே போயிற்று? சாலைக்கு இறங்கிற்று! 2016இல் மின்னசோட்டா மாநிலத்திலே கறுப்பினத்தவர் ஒருவரின் காரைப் போலீசுக்காரர் நிறுத்தினார். முறைப்படி அனுமதி பெற்றவர் அவர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை மறு ஆண்டு ஜூரிகள் விடுதலை செய்தனர். சீட்டு வைத்திருந்தவர் கதியே இது! சீட்டே இல்லாத ஊரிலே, எதிரே நிற்பவன் நல்லவனா தீயவனா என்பதைப் போலீசுக்காரர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? நிறத்தைப் பார்த்தா? போலீசாருக்கும் இது தெரிந்திருக்கிறது. டெக்சாஸிலே அவர்களின் அமைப்புகள் வேண்டாமென்றன. ஒகையோவிலே போலீசார் சங்கம் எதிர்த்தது. கேட்டார் யார்? 2022இல் அங்கும் நிறைவேறிற்று.

2022க்குப் பின் அமெரிக்காவிலே கொலைகள் குறைந்தன என்று காட்டுவார்கள். குறைந்தது உண்மை, மகிழ்கிறோம். அந்தப் பெருமையை இச்சட்டத்துக்குச் சூட்ட எந்தச் சான்றும் இல்லை, சட்டம் மாறாத மாநிலங்களிலும் குறைந்திருக்கிறதே! குறைந்த பிறகும், 2023இல் துப்பாக்கியால் மாண்டவர் 46,728 பேர். பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள்.

மாநில உரிமை பற்றியும் பேசுகிறார்கள். நமக்கு இனிக்கும் சொல்தான்! ஆனால், ஒரு மாநிலத்தவர் மறைத்துச் செருகிய துப்பாக்கியை மற்ற மாநிலங்களும் ஏற்றாக வேண்டுமென்று 2017 டிசம்பரில் மத்தியிலே கீழ்ச்சபையில் மசோதா நிறைவேற்றியவர்கள் யார்? அப்போது நியூயார்க்கின் உரிமை எங்கே போயிற்று?

கடைசியாகப் புளோரிடா. 2023இல் அங்கேயும் அனுமதிமுறையை அகற்றினார்கள். ஆனால், பழைய தடைகள் சிலவற்றைப் பத்திரமாக விட்டுவைத்தார்கள். பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது, சரி. நீதிமன்றத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் கூடாது, சரி. இன்னோர் இடத்துக்கும் கூடாது. அது எது தெரியுமா? சட்டமன்றக் கூட்டம்! உறுப்பினர் அமரும் இடத்திலே ஆபத்தாகத் தோன்றும் துப்பாக்கி, அவருக்கு வாக்களித்தவர் அமரும் பேருந்திலே மட்டும் எப்படிப் பாதுகாப்பாகிறது என்று புளோரிடாவின் வாக்காளர் எவரேனும் தம் உறுப்பினரைக் கேட்டாரா?