வயிற்றுவழி டயாலிசிஸும் சர்க்கரை அளவும்: அறிய வேண்டியவை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. களமருதூர், கல்வராயன் மலைப்பகுதி போன்ற இடங்களில் வாழ்வோருக்கு இது பேருதவி. நீங்கள் நீரிழிவு நோயாளியாயின் ஒன்றைக் கவனியுங்கள்.

சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் பரிந்துரைக்கப்படும். அது வயிற்றறையின் நிணநாளங்கள் வழியே இரத்தத்தை அடைந்து, மால்டோஸ் முதலியவையாகச் சிதைகிறது. சில குளுக்கோமீட்டர்கள் மால்டோஸையும் குளுக்கோஸாகவே கணக்கிடும். அவ்வளவை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். திரவத்தை நிறுத்திய பின்னும் இப்பிழை இரு வாரங்கள் வரை நீடிக்கக்கூடும்.

மால்டோஸால் பாதிக்கப்படாத கருவியையே பயன்படுத்துங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் இத்திரவம் குறித்து முதலில் தெரிவியுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால், கருவி உயர்ந்த அளவைக் காட்டினாலும் இன்சுலின் செலுத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.